ஒழுக்கு

முதல் நாள் ஒரு ரூபாய் வட்டம்.
நாலாம் நாள் அப்பளம்.
வாரம் முடிவதற்குள், செலின் றோஸ் அக்கா
பார்த்துப் பார்த்துப் பாவிய செங்கல் நிற ஓடுகளின் நடுவே
ஒரு மாவட்டத்தின் வரைபடம்,
தெற்கே கூர்மையாய்.
“வீடு தந்தது உனக்காக்கும்.
இதுக்கு மூத்திரம் போகவா?”

அறுபத்தெட்டாம் வருடத்து ஃபியட்.
அழகியமண்டபத்தில் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில்
இரண்டு இடவப்பாதி நனையாமல் நின்றது.
நான் வாங்கிய நாளிலிருந்து நனைக்கிறது.

மார்த்தாண்டத்தில் பாலத்துக்கு அடியில் ஒருவர்
டாப்பெட் மூடியின் கார்க் என்றார். மாற்றினேன்.
தக்கலையில் சம்ப் வாஷர் என்றார்கள். அதையும்.
வெட்டுவெந்நி றாபின்சன் கீழே படுத்து, வெளியே வந்து,
“எஞ்சினை இறக்கணும், பின்சீல் ஆக்கும்” என்று
பன்னிரண்டாயிரம் சொன்னான்.
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை,
கை துடைக்கும் துணியைப் பார்த்தான்.

நான் குலசேகரத்தில் ரப்பர் பால் சங்கத்தில்
கணக்கு எழுதுகிறவள்.
ஒழுகியதை அளப்பதே பிழைப்பு.
மரம் ஒழுகினால் வரவு,
வண்டி ஒழுகினால் செலவு,
இரண்டுக்கும் ஒரே சிரட்டை போதும் என்று
ஒன்றை எடுத்துவந்து எஞ்சினுக்கு அடியில் வைத்தேன்.
விடிந்தபோது அரைச் சிரட்டை கறுப்பு.
தோட்டத்தில், சிரட்டையிலிருந்து கண்ணை உயர்த்தினால்
பட்டையில் வெட்டு தெரியும்.
இங்கே உயர்த்தினால் எல்லாமே வெட்டு.

ஞாயிறு பூசைக்குப் போகவில்லை.
மண்ணெண்ணெய், பழைய பல் பிரஷ், கிழிந்த பனியன்.
ஐம்பது வருடத்து அழுக்கு அடுக்கடுக்காய் இளகி
அடியில் ஒரு சாம்பல் நிறம் வந்தது,
ஒரு எண் வந்தது,
யாரோ கோபத்தில் பாதி பிளந்துவிட்ட ஒரு திருகின் தலை வந்தது.
உலரவிட்டு
வேர்க்குரு பவுடர் ஒரு டப்பா முழுக்கத் தூவினேன்.
புதுநன்மைக்குப் போகும் பிள்ளை மாதிரி
வெள்ளையாய் நின்றது எஞ்சின்.

பேச்சிப்பாறை வரை ஏறித் திரும்பினேன்.
பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தால்
வெள்ளையில் கறுப்பு எழுதத் தொடங்கியிருந்தது.

எண்ணெய் புளுகும்.
ஓரிடத்தில் கசிந்து, விசிறிக் காற்றில் பின்னால் ஓடி
அடுத்தவன் வாசலில் போய்ச் சொட்டும்.
சொட்டை விடு.
மேலே பார், முன்னே பார்,
முதல் ஈரம் யாருடையது?

பார்த்தேன்.
டாப்பெட் மூடி. பெட்ரோல் பம்பின் அடி.
டைமிங் மூடியின் ஓரம். டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்து.
பின்சீலும்தான், கொஞ்சம்.
ஐந்து பேர் ஒரே நாளில் திருடினார்கள் என்றால்
சங்கத்துக் கணக்கில் நான் நம்பமாட்டேன்.
ஐவரையும் நெருக்குகிற ஒருவர் உள்ளே இருப்பார்.

எஞ்சின் ஓட, எண்ணெய் மூடியைத் திறந்தேன்.
புஸ்ஸென்று முகத்தில் அடித்தது
இத்தனை நாள் விட முடியாத மூச்சு.

மூச்சுக்குழாய் பக்கவாட்டில் தொங்குகிறது.
சைக்கிள் கம்பியை உள்ளே விட்டேன்.
நாலு விரல் ஆழத்தில் முட்டி நின்றது.
குத்தினேன்.
செம்மண்!
குழைத்துச் சுட்டதுபோல் இறுகி, அறை அறையாய்.
கடைசி அறையில் ஒரு பச்சைப்புழு
வைத்தது வைத்தபடி உலர்ந்து கிடந்தது.
டாக்டர் வீட்டு ஷெட்டில், ஆள் இல்லாத நாளில்
ஒரு குளவி கட்டிய பேறுகால வீடு.

றாபின்சனுக்கு போன் செய்தேன்.
“குளவியா?” என்றான்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
“அதுக்கு நான் எப்படி பில் போடுவேன் சேச்சி?”

மறுநாள் சிரட்டையில் ஏழு சொட்டு.
அதற்கு மறுநாள் மூன்று.
செலின் றோஸ் அக்கா சோப்புப் பொடி தூவி உரசுகிறாள்.
எல்லாம் போய்விட்டதாம்,
தெற்கே அந்தக் கூர்மை மட்டும் போகவில்லையாம்.

குழாயின் வாயில் கம்பிவலைத் துண்டைச்
சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன்.
குளவி ஒன்று வந்தது,
வாயில் ஈர மண் உருண்டை.
வலையை இரண்டு தரம் முட்டிப் பார்த்தது.
பிறகு, அவசரமே இல்லாமல்,
டிரைவர் பக்கக் கதவின்
சாவித் துவாரத்தை எட்டிப் பார்த்தது.